படி ஏறிப் பார்க்கும் பயணம்: உயரமான கட்டடங்களை உள்ளிருந்து அறிதல்

பயணம் போகும் ஊர்களில் உள்ள உயரமான கட்டடங்களில் லிஃப்டைத் தவிர்த்துப் படிகளில் ஏறுவதையே ஒரு பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாமா என்றும், களைப்பைத் தவிர அதில் வேறு என்ன கிடைக்கும் என்றும், எங்கே தொடங்குவது, நாற்பதைத் தாண்டிய உடம்பு அதைத் தாங்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக என் பயணங்களைப் படிக்கட்டுகளை வைத்தே திட்டமிட்டு வருகிறேன். ஆகவே சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

என்ன கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்றக் கேள்விகளுக்கான விடைகள் அதைப் பொறுத்தே அமைகின்றன. ஒரு கட்டடம் எப்படிக் கட்டப்பட்டது, எதன் மேல் எது நிற்கிறது என்பதை அதன் படிக்கட்டு காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டுவதில்லை. லிஃப்டில் செல்பவர் தரையில் ஒரு கதவுக்குள் நுழைந்து உச்சியில் இன்னொரு கதவு வழியாக வெளியே வருகிறார். இடையில் இருந்த கட்டடம் முழுவதும் அவர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. படியில் ஏறுபவருக்கோ சுவரின் கனம் தெரியும், மேலே போகப் போக அது மெலிவது தெரியும், கல் முடிந்து செங்கல் தொடங்கும் இடம் தெரியும், மரமும் இரும்பும் எங்கே வந்து சேர்ந்தன என்பதும் தெரியும்.

இதற்கு நான் முதலில் சொல்லும் சான்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரப் பேராலயத்தின் குவிமாடம். 1420இல் தொடங்கி 1436இல் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி கட்டி முடித்த அந்தக் குவிமாடம் உண்மையில் முட்டை ஓடு போல ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரண்டு ஓடுகள். உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு உள் ஓடு மட்டுமே தெரியும்; நகரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெளி ஓடு மட்டுமே தெரியும். 463 படிகள் ஏறுபவர் மட்டுந்தான் அந்த இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் நடக்கிறார். வேலையாட்கள் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து சென்ற வழியே இன்று பார்வையாளர்கள் ஏறும் வழி. பாதி உயரத்தில், வசாரியும் சுக்காரியும் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் அடியில், குவிமாடத்தின் உட்புறத்தைச் சுற்றி நடந்து போக வேண்டும். அதன் பிறகு சுவர்கள் உங்கள் தோள்மேல் சாயத் தொடங்கும். செங்கற்கள் மீன்முள் போலக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்டிருப்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். கீழிருந்து முட்டுக்கொடுக்கும் பெரும் மரச்சாரம் இல்லாமல் இவ்வளவு பெரிய குவிமாடத்தை எழுப்ப முடிந்ததற்கு அந்த அடுக்குமுறை ஒரு முக்கியக் காரணம். கடைசிப் பகுதியில் படிகள் உள் ஓட்டின் முதுகின் மீதே செங்குத்தாக ஏறுகின்றன. அந்த இடத்தில் நான் நின்றபோது, ஒரு கட்டடத்தின் மேல் ஏறுகிறோம் என்ற எண்ணம் போய், அது கட்டப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அதற்குள் வந்துவிட்டோம் என்ற உணர்வு ஏற்பட்டது.

லண்டன் செயின்ட் பால் பேராலயமும் இதே பாடத்தை வேறு விதமாகக் கற்பிக்கிறது. அங்கே குவிமாடம் மூன்று அடுக்கு: உள்ளிருந்து காணும் ஒன்று, வெளியிலிருந்து காணும் ஈயம் போர்த்திய மற்றொன்று, இரண்டுக்கும் நடுவே, உச்சியில் உள்ள கல் மண்டபத்தின் எடையைத் தாங்கும் செங்கற்கூம்பு ஒன்று. கூம்பை வெளியிலிருந்தும் பார்க்க முடியாது, உள்ளிருந்தும் பார்க்க முடியாது. 376 படிகள் ஏறிக் கல் மாடத்தை அடைந்து, அதற்கும் மேலே 528ஆவது படியில் உள்ள பொன் மாடம் நோக்கி இரும்புச் சுழற்படிகளில் செல்லும்போதுதான் அந்தக் கூம்பு பக்கத்தில் வந்து நிற்கும். வத்திக்கான் புனித பேதுரு பேராலயத்தில் மொத்தம் 551 படிகள். லிஃப்டில் கூரைத்தளம் வரை சென்றாலும் 320 படிகள் ஏறியே ஆக வேண்டும். குவிமாடத்தின் வளைவோடு வழியும் சாய்வதால் அங்கே உடலை ஒருபுறம் சாய்த்தபடி நடக்க நேரும். முடிவில் வரும் மிகக் குறுகிய சுழற்படியில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு தொங்கும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத்தூணைப் பற்றியும் சொல்ல வேண்டும், அங்கே இப்போது நாம் ஏற முடியாது என்றாலும். 169 மீட்டர் உயரமுள்ள அந்தத் தூணுக்குள் 897 படிகள் உண்டு. மாநிலங்களும் நகரங்களும் சங்கங்களும் அயல்நாடுகளும் அளித்த 190க்கு மேற்பட்ட நினைவுக் கற்கள் உட்சுவரில் பதிக்கப்பட்டிருக்கின்றன. படியேறி வருபவர் நின்று நின்று படிப்பதற்காகவே அவை அந்த உயரங்களில் வைக்கப்பட்டன. 1971இல் ஏறுவது நிறுத்தப்பட்டது, 1976இல் இறங்குவதும் பொதுமக்களுக்கு நிறுத்தப்பட்டது. இப்போது லிஃப்ட் இறங்கும்போது சில கற்கள் மட்டும் கண்ணாடி வழியே தென்படும். படிக்கட்டு மூடப்படும்போது ஒரு கட்டடம் தன் பாதிச் செய்தியை இழந்துவிடுகிறது என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இனி எங்கே தொடங்குவது என்ற கேள்வி. உயரத்தை வைத்துக் கட்டடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். படிக்கட்டை வைத்துத் தேர்ந்தெடுங்கள். உலகிலேயே உயரமான புர்ஜ் கலீஃபாவில் தரைத்தளத்திலிருந்து 160ஆவது தளம் வரை 2,909 படிகள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அவை பார்வையாளர்களுக்கானவை அல்ல. நியூயார்க்கில் 1857இல் ஒரு கடைக் கட்டடத்தில் ஓட்டிஸ் நிறுவனத்தின் பயணியர் லிஃப்ட் பொருத்தப்பட்ட பிறகு, உயரமான கட்டடங்களில் படிக்கட்டின் நிலையே மெல்ல மாறியது. அதற்கு முன் படிக்கட்டுத்தான் வழி. ஆகவே அதற்கு வெளிச்சமும் அகலமும் கைப்பிடியும் கொடுத்தார்கள். பிறகு அது அவசரக் காலத்துக்கான வழியாகச் சுருங்கி, சன்னலில்லாத கான்கிரீட் கூண்டுக்குள் ஒதுங்கியது. எனவே பயணிக்கு உகந்த படிக்கட்டுகள் பெரும்பாலும் லிஃப்டுக்கு முந்தைய கட்டடங்களில் இருக்கின்றன: பேராலயக் கோபுரங்கள், மணிக்கூண்டுகள், நினைவுத்தூண்கள், கலங்கரை விளக்கங்கள்.

இரண்டு காலங்களும் சந்திக்கும் இடம் பாரிஸின் ஈஃபில் கோபுரம். 1889 மார்ச் 31 அன்று குஸ்தாவ் ஈஃபில் 1,710 படிகள் ஏறி உச்சியில் கொடியேற்றினார். பொதுமக்களுக்குத் திறந்தபோது லிஃப்டுகள் இன்னும் தயாராகவில்லை. முதல் சில நாள்களில் வந்த ஆயிரக்கணக்கானோர் நடந்தே ஏறினார்கள். இன்று பொதுமக்கள் இரண்டாம் தளம் வரை, அதாவது 674 படிகள் ஏறலாம். அதற்கு மேல் லிஃப்ட் மட்டுமே. இரண்டாம் தளத்திலிருந்து உச்சிக்குச் சென்ற பழைய சுழற்படிக்கட்டை 1983இல் கழற்றி 24 துண்டுகளாக வெட்டினார்கள்; பெரும்பாலானவை ஏலத்தில் போய்விட்டன, ஒன்று முதல் தளத்திலேயே காட்சிக்கு நிற்கிறது. அந்தத் துண்டைப் பார்க்காமல் கடந்துவிடாதீர்கள். ஈஃபிலின் படிகளில் சுவரே இல்லை. இரும்புச் சட்டங்களின் ஊடாகக் காற்றும் நகரமும் எல்லாப் பக்கமும் தெரிவதால், ஒவ்வொரு திருப்பத்திலும் எவ்வளவு உயரம் வந்திருக்கிறோம் என்பது கண்ணுக்கே புலப்படும். படி உயரமும் அளவானது. உடம்பு ஓரளவு பழகியவருக்குக் கடினமான ஏற்றமே அல்ல.

கல் கோபுரங்களின் சுழற்படி இதற்கு நேர்மாறானது. ஜெர்மனியின் உல்ம் பேராலயக் கோபுரத்தில் 768 படிகள். நெடுங்காலம் உலகின் உயரமான தேவாலயமாக இருந்த அதன் மேல் மாடம் தரையிலிருந்து ஏறத்தாழ 143 மீட்டரில் உள்ளது. 1377இல் தொடங்கிய அந்தத் தேவாலயத்தின் கோபுரம் 1890இல்தான் நிறைவு பெற்றது. கொலோன் பேராலயத்தின் தெற்குக் கோபுரத்தில் 533 படிகள். வழியில் 1923இல் வார்க்கப்பட்ட 24 டன் எடையுள்ள மணியைக் காணலாம். பெல்ஜியத்தின் ப்ரூஜ் மணிக்கூண்டில் 366 படிகள், 47 மணிகள். மணி இசைக்கும் நேரத்தில் அருகில் இருக்க நேர்ந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், அந்த அதிர்வு கைப்பிடிக் கம்பி வழியாக உள்ளங்கைக்கும் வரும். இத்தகைய கோபுரங்களில் சுழன்றுகொண்டே போவதால் திசை மறந்துவிடும், ஏறிய உயரமும் தெரியாது. சுவரில் உள்ள குறுகிய பிளவுகளின் வழியே கூரைகள் கீழிறங்கிக்கொண்டே போவதைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். சிலருக்கு இது மூச்சுமுட்டும் அனுபவம். குறுகிய இடங்களைக் கண்டால் பதற்றம் வருபவர் என்றால் சுழற்கோபுரங்களை விட்டுவிட்டு ஈஃபில் போன்ற திறந்த படிக்கட்டுகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உயரம்தான் அச்சம் தருகிறது என்றால் அதற்கு மாறாகச் சுவர் சூழ்ந்த கோபுரமே ஆறுதலாக இருக்கும். இந்த இரண்டு அச்சங்களையும் பலர் ஒன்றாகக் கருதிக்கொண்டு தவறான இடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

படியே இல்லாமல் ஏறும் கட்டடங்களும் உண்டு. 1642இல் முடிந்த கோபன்ஹேகன் வட்டக் கோபுரத்தில் ஏழரைச் சுற்று கொண்ட சாய்வுப்பாதைதான். 1716இல் ரஷ்யாவின் மகா பீட்டர் அதில் குதிரையேறிச் சென்றார். ஸ்பெயினின் செவில் நகரில் உள்ள ஹிரால்டா கோபுரத்தில் 35 சாய்தளங்கள். படியேறி அலுத்த முழங்காலுக்கு ஒரு நாள் மாற்றாக இவை அமையும்.

வானளாவிகளைப் பற்றி நான் கண்டிப்பாகச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. அலுவலகக் கட்டடங்களிலும் விடுதிகளிலும் உள்ள அவசரகாலப் படிக்கட்டுகளில் அனுமதியின்றி நுழையாதீர்கள். தொடக்க காலத்தில் நானே அதைச் செய்தேன். ஒரு பெருநகர விடுதியில் பதினான்காம் தளத்தில் தங்கியிருந்தபோது, மேலே சென்று பார்க்கலாம் என்று படிக்கட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனேன். கதவு தானாக மூடிக்கொண்டது. உள்ளிருந்து எந்தத் தளத்தின் கதவையும் திறக்க முடியவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட தளங்கள் ஏறிப் பார்த்துவிட்டு, மீண்டும் தரைவரை இறங்கி, எச்சரிக்கை மணி ஒலிக்கும் ஒரு கதவு வழியாகப் பின்புறச் சந்தில் வெளியே வந்தேன். காவலர்கள் ஓடிவந்தார்கள், விளக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தவறு முழுவதும் என்னுடையது. பல நாடுகளில் இந்தக் கதவுகள் தளத்திலிருந்து படிக்கட்டுக்குள் செல்ல மட்டுமே திறக்கும். பாதுகாப்புக்காகப் படிக்கட்டிலிருந்து தளத்துக்குள் வர முடியாதபடி பூட்டியிருக்கும். அந்த இடம் தீயிலிருந்து தப்புவோருக்கானது. புகை நுழையாமல் காற்றை உள்ளே அழுத்திச் செலுத்தும் அமைப்பும், அதைக் காக்கத் தாமாக மூடும் கதவுகளும் அங்கே இருக்கும். கதவுக்கு இடையில் எதையாவது செருகித் திறந்து வைப்பது அந்தப் பாதுகாப்பையே குலைக்கும் செயல்.

ஆனால் வானளாவியின் படிகளில் முறையாக ஏற ஒரு வழி இருக்கிறது: படியோட்டப் போட்டிகளும் நன்கொடை ஏற்றங்களும். இந்த விளையாட்டு இன்றைய வானளாவி ஓட்டங்களுக்கு முன்பே பிறந்தது. 1905இல் ஈஃபில் கோபுரத்தின் இரண்டாம் தளம் வரை நடந்த படிக்கட்டுப் போட்டியில் ஃபோரெஸ்டியர் என்பவர் 3 நிமிடம் 12 வினாடியில் வென்றார். நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் ஓட்டம் 1978இல் தொடங்கியது. 86 தளங்கள், 1,576 படிகள், ஏறத்தாழ 320 மீட்டர் உயரம். முதல் ஆண்டில் வென்ற கேரி முர்கே எடுத்துக்கொண்ட நேரம் 12 நிமிடம் 32 வினாடி. 1970இல் நடந்த முதல் நியூயார்க் மாரத்தானிலும் வென்றவர் அவர்தான். ஆஸ்திரேலியாவின் பால் கிரேக் 2003இல் அதே படிகளை 9 நிமிடம் 33 வினாடியில் ஏறினார். அதாவது ஒவ்வொரு வினாடிக்கும் சராசரியாக இரண்டேமுக்கால் படி, பத்து நிமிடம் ஓயாமல். 2005இல் தைப்பே 101 கட்டடத்தின் 2,046 படிகளையும் அவர் 10 நிமிடம் 29 வினாடியில் முடித்தார். பெண்களில் ஆஸ்திரியாவின் ஆந்திரேயா மாயர் 2006இல் எம்பயர் ஸ்டேட்டில் 11 நிமிடம் 23 வினாடி எடுத்துக்கொண்டார்.

இந்த எண்களைக் கண்டு மிரள வேண்டாம். எல்லா நிகழ்ச்சிகளிலும் விரைவு வேண்டியதில்லை. டொரொன்டோவின் சி.என். கோபுரத்தில் நன்கொடை திரட்டுவதற்காக நடக்கும் ஏற்றங்களில் ஆயிரக்கணக்கானோர் 1,776 படிகளை அவரவர் வேகத்தில் நடந்தே ஏறுகிறார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் உயிரிழந்த 343 தீயணைப்பு வீரர்களின் நினைவாகப் பல இடங்களில் 110 தளங்களுக்கு ஈடான படிகளைத் தீயணைப்பு வீரர்களும் பொதுமக்களும் ஏறுவதுண்டு. அவற்றில் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. இத்தகைய நாள்களில் படிக்கட்டுக் கூண்டுக்குள் சன்னல் இல்லை, காட்சி இல்லை, சாம்பல் நிறச் சுவரில் தள எண் மட்டுமே மாறிக்கொண்டிருக்கும். காற்று வறண்டும் தூசியாகவும் இருப்பதால் முடித்தபின் சிலருக்குச் சற்று நேரம் இருமல் வரும். கட்டடத்தைப் பற்றி அறிவதற்கு அது சிறந்த வழி அல்ல என்பதே என் கருத்து; உங்கள் உடம்பைப் பற்றி அறிய அது நல்ல வழி. பயணத்தில் ஓர் ஆண்டுக்கு ஒரு முறை அப்படி ஒன்று போதும்.

உடம்பு தாங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். படியேறுதல் என்பது உங்கள் எடையை நீங்களே தூக்கிச் செல்வது. அதில் ஏமாற்ற வழியில்லை. 60 கிலோ எடையுள்ளவர் 100 மீட்டர் உயர ஏறும்போது செய்யும் வேலை ஏறத்தாழ 59 கிலோஜூல், அதாவது 14 கிலோகலோரி. தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை மட்டுமே வேலையாக மாற்றுவதால், உடம்புக்கு ஆகும் செலவு 55 முதல் 60 கிலோகலோரி. இதை எடை குறைக்கும் திட்டமாக நினைப்பவர்கள் இந்தச் சிறிய எண்ணைப் பார்த்து ஏமாற்றமடையலாம். ஆனால் அந்தச் செலவு பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது; இதயமும் நுரையீரலும் அந்தக் குறுகிய நேரத்தில் வேகநடையில் வேண்டியதைவிட மிகுதியாக உழைக்கின்றன. ஆகவே நாற்பதைத் தாண்டியவர்கள், குறிப்பாக நெஞ்சுவலி, உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்கள், முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ, தலைசுற்றலோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். இன்னும் முப்பது படிதானே என்று எண்ணக் கூடாது. பழைய கோபுரங்களில் ஒருவரைத் தூக்கிக் கீழே கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதை அந்தப் படிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை, தொடங்குபவர்கள் செய்யும் ஒரே பெரிய தவறு முதல் நூறு படிகளை மிக வேகமாக ஏறிவிடுவதுதான். தசைக்கு அப்போது வலி தெரியாது, மூச்சும் இன்னும் வாங்கத் தொடங்கியிராது. இரண்டு நிமிடம் கழித்து இரண்டும் சேர்ந்தே வரும். பக்கத்தில் வருபவருடன் சிறு வாக்கியங்களாவது பேச முடியும் வேகமே சரியான வேகம். நிமிடத்துக்கு ஐம்பது படி என்பது பலருக்கும் ஒத்துவரும். அந்தக் கணக்கில் உல்மின் 768 படிகளை ஏறக் கால்மணி நேரமும், நின்று பார்க்க இன்னொரு கால்மணி நேரமும் ஆகும். ஏறும்போது பாதம் முழுவதையும் படியில் பதித்தால் தொடையும் பின்பக்கத் தசையும் சுமையை ஏற்கும். முன்பாதத்தால் மட்டும் ஏறினால் கெண்டைக்கால் விரைவில் இறுகிவிடும். கைப்பிடியை வெறும் பாதுகாப்புக்கு மட்டும் என்று நினைக்காமல் லேசாக இழுத்தும் ஏறலாம்; போட்டியாளர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

படியின் அளவும் களைப்பைத் தீர்மானிக்கிறது. 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா பிளாண்டெல் வகுத்த விதி இன்றும் கட்டுமானத்தில் பயன்படுகிறது: படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி அதனுடன் படியின் அகலத்தை (பாதம் வைக்கும் பரப்பின் முன்பின் அளவை) கூட்டினால் ஒரு நடையடி, அதாவது ஏறத்தாழ 60 முதல் 65 சென்டிமீட்டர் வர வேண்டும். 18 சென்டிமீட்டர் உயரமும் 28 சென்டிமீட்டர் அகலமும் உள்ள படி இந்த விதிக்குப் பொருந்தும், கால் தானாகவே அதில் பழகிவிடும். எம்பயர் ஸ்டேட்டின் உயரத்தை அதன் படிகளால் வகுத்தால் சராசரியாக 20 சென்டிமீட்டர் வருகிறது. அந்த இரண்டு சென்டிமீட்டர் 1,576 முறை சேரும்போது 31 மீட்டராகிறது. பழைய கோபுரங்களில் படிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. நூற்றாண்டுகளாகக் கால்பட்டு நடுவில் குழிந்தும் இருக்கும். சுழற்படியில் நடுத்தூணை ஒட்டிய பக்கம் பாதம் வைக்கவே இடமிருக்காது. வெளிச்சுவரை ஒட்டி நடந்தால் தூரம் கூடினாலும் கால் உறுதியாகப் பதியும். எதிரே ஆள் வரும்போது யார் ஒதுங்குவது என்பதற்கு எல்லா இடத்துக்கும் பொதுவான விதி இல்லை. இறங்குபவருக்கு அகலமான பக்கத்தை விட்டுக்கொடுப்பது நல்லது, ஏனெனில் விழுந்தால் நெடுந்தூரம் விழுபவர் அவர்தான்.

இறங்குவதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும்; தசை வலியோ பெரும்பாலும் இறங்குவதால் வருவது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அப்படித் தாங்கும்போதுதான் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதன் வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்தை அடையும். ஒரே பயணத்தில் அடுத்தடுத்த நாள்களில் மூன்று கோபுரங்களுக்குச் சீட்டு எடுத்துவிட்டு, இரண்டாம் நாள் காலையில் விடுதிப் படியில் பக்கவாட்டாக இறங்க நேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பெரிய ஏற்றங்களுக்கு இடையே இரண்டு நாள் விடுங்கள். லிஃப்ட் இருக்கும் இடத்தில் ஏறிச் சென்று லிஃப்டில் இறங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. போட்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான் இறங்குகிறார்கள். ஆனால் பழைய கோபுரங்களில் அந்த வசதி இராது. ஆகவே வீட்டிலிருக்கும்போது செய்யும் பயிற்சியில் ஏறுவதோடு இறங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் பத்து மாடி அளவு, மெதுவாக, ஆறு வாரம் செய்தால் ஐந்நூறு படிக்கு உடம்பு பழகிவிடும். முழங்காலில் ஏற்கெனவே தேய்மானம் உள்ளவர்களுக்கு இறங்குவதே பெரிய தடை. அவர்கள் லிஃப்டும் சேர்ந்துள்ள கட்டடங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கூட்டத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். தில்லி குதுப் மினாரில் 379 படிகள் உண்டு. 1981 டிசம்பர் 4 அன்று மின்சாரம் நின்று படிக்கட்டு இருளில் மூழ்கியபோது ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிக் குழந்தைகள். அன்று முதல் அந்தக் கோபுரத்தின் உட்புறம் மூடப்பட்டிருக்கிறது. ஒரே வழியில் ஏறுவதும் இறங்குவதும் நடக்கும் குறுகிய படிக்கட்டில் கூட்டம் சேர்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் உணர்கிறேன். நேரம் குறித்து அளவாக ஆட்களை அனுப்பும் இடங்களில் காத்திருக்க நேர்ந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். காலையில் திறந்தவுடன் முதல் ஆளாகச் செல்லுங்கள், கையில் ஒரு சிறு விளக்கு வைத்திருங்கள், முதுகுப் பையைக் கீழேயே விட்டுவிடுங்கள். பயணத்துக்கு முன் அந்தக் கட்டடம் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். 498 மரப்படிகள் கொண்ட, இத்தாலியின் பொலோஞ்யா நகரத்து அசினெல்லி கோபுரம், பக்கத்தில் உள்ள கரிசெண்டா கோபுரத்தின் சாய்வு கவலை தந்ததால் 2023 அக்டோபரில் மூடப்பட்டது. பழைய கட்டடங்களில் இப்படி நேர்வது இயல்பே.

எங்கே தொடங்குவது என்பதற்கு ஒரே ஓர் இடத்தைச் சொல்லச் சொன்னால் லண்டன் பெருந்தீ நினைவுத்தூணைச் சொல்வேன். 1666இல் நகரை எரித்த தீயின் நினைவாகக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னும் அறிவியலாளர் ராபர்ட் ஹூக்கும் வடிவமைத்து 1677இல் முடிந்த அந்தத் தூணின் உயரம் 202 அடி. உள்ளே 311 படிகள், ஒவ்வொன்றும் ஆறு அங்குல உயரம். இவ்வளவு தாழ்ந்த படி புதியவருக்கு மிகவும் ஏற்றது. நடுவில் தூண் இல்லாததால் ஏறும்போது கீழே நுழைவாயிலையும் மேலே உச்சியையும் ஒரே குழலுக்குள் பார்க்கலாம்; அந்தக் குழலையே வானை நோக்கும் தொலைநோக்கியாகப் பயன்படுத்த ஹூக் எண்ணியிருந்தார். அவர் அதே படிகளில் காற்றழுத்தமானியை வைத்து, உயரம் கூடக் கூட அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்றும் அளந்தார். இன்று பல கைபேசிகளுக்குள் அதே கருவி சிறு உணரியாக இருக்கிறது. ஏறத்தாழ எட்டு மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வீதம் அழுத்தம் குறையும். கீழே ஒரு முறையும் மேலே ஒரு முறையும் குறித்துக்கொண்டால், அந்த மாடத்துக்கு ஆறு ஹெக்டோபாஸ்கல் அளவு வேறுபாடு வரும். ஏறும் கோபுரம் ஒவ்வொன்றிலும் இந்த இரண்டு அளவுகளையும், நீங்களே எண்ணிய படிகளையும், ஏறிய நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்கள் எண்ணிக்கை அறிவிப்புப் பலகையில் உள்ள எண்ணோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. வாசற்படியைச் சேர்ப்பதா, சமதளத்திலிருந்து ஏறும் கடைசிப் படியைச் சேர்ப்பதா என்பதில் இடத்துக்கு இடம் வழக்கம் மாறும். நினைவுத்தூணில் ஏறி இறங்கியவருக்கு வாசலில் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அதே நகரில் செயின்ட் பால் குவிமாடத்துக்குச் செல்லுங்கள்.